நாடா கட்டும் நேரத்து முரசு

என்சினார்,
1984 ஜூன் 3

லியாந்த்ரோ,

'அன்புள்ள' என்று ஆரம்பிக்கலாமா என்று பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். அம்மாவின் அடக்கத்துக்கு மலர்வளையம் அனுப்பிவிட்டு மாநாட்டுக்குப் போனவனுக்கு அந்த வார்த்தை இப்போதைக்கு வேண்டாம். இரண்டு வருஷமாக உன்னோடு பேசாமல் இருந்ததில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. இப்போது ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

என் முடிதிருத்தும் கடையில் கசில்தா என்று ஒரு பெண் வேலை செய்கிறாள். நகராட்சி அலுவலகத்தைக் கூட்டித் துடைக்கிறாளே பூரா, அவளுடைய மகள். வயது பத்தொன்பது. வாய் ஓயாது, கை அதைவிட வேகம். இந்த ஆகஸ்டில் நம் ஊர் நாடகத்தில் ஒலாயா வேஷம் அவளுக்குத்தான். தேர்ந்தெடுத்த அன்று கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் தேன்பலகாரம் வாங்கிக் கொடுத்தாள். எனக்குக் கொடுத்ததை நான் தாளோடு மடித்து ஓரமாக வைத்துவிட்டேன்.

நீ அந்த நாடகத்தைப் பற்றிப் புத்தகம் எழுதியவன். இருந்தாலும், தலையில் சுருள் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்கள் அந்தக் கதையை எப்படிச் சொல்கிறார்கள் என்று நீ கேட்டதில்லை. கோட்டைத் தளபதி ஊற்றங்கரையில் ஒலாயாவைத் தூக்கிப் போகிறான். விடிந்ததும் திருப்பி அனுப்புகிறான். இரண்டாம் அங்கத்தில் அவள் அழுது நான்கு வரி பேசுகிறாள். அத்தோடு அவள் வாய் மூடிவிடும். மூன்றாம் அங்கம் முழுக்க அவள் அப்பா, தளபதி, அரசர் மூன்று பேரும் போனது யாருடைய மானம் என்று சண்டை போடுகிறார்கள். கடைசியில் அரசர் தீர்ப்பு வாசிக்கிறார். தளபதி அப்பாவின் காலில் விழ வேண்டும், ஊருக்கு உப்பு வரி கிடையாது. தளபதி குதிரையேறிப் போருக்குப் போய்விடுகிறான். ஊர் அரசரை வாழ்த்துகிறது. ஒலாயா என்ன செய்கிறாள்? தீர்ப்பைப் படிக்க அரசருக்கு விளக்குப் பிடிக்கிறாள். அந்த நேரம் மேடையின் மின்விளக்குகளையெல்லாம் அணைத்துவிடுவார்கள், அவள் கையில் இருக்கும் எண்ணெய் விளக்கு மட்டும்தான் எரியும். சுற்றுலாக்காரர்கள் அதைப் பார்த்துக் கண்ணீர் விடுவார்கள்.

அது கிடக்கட்டும், எழுதியவன் செத்து நானூறு வருஷம் ஆகிறது. நான் கேட்பது நாடாவைப் பற்றி. உடுப்பு ஒத்திகை அன்று அரசர் வேஷக்காரர் ஒலாயாவைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போய் அவள் ரவிக்கையின் முதுகில் சிவப்பு நாடா கட்ட வேண்டும், அவர் வெளியே வரும்வரை முரசு அடிக்க வேண்டும், கட்டாவிட்டால் நாடகத்தன்று மழை கொட்டும் என்கிறார்களே, அது. நாடகக் குழுவில் யாரைக் கேட்டாலும் "அது நாடகத்துலயே இருக்கு, நானூறு வருஷச் சம்பிரதாயம்" என்கிறார்கள்.

இல்லை என்று உனக்குத் தெரியும். உன் பல்கலைக்கழக முத்திரை போட்ட தாளில் ஒரே ஒரு வரி எழுதி அனுப்பு: 'நாடா கட்டுவது மூலத்தில் இல்லை.' குழு ஆட்கள் அதற்கு மேல் பேச மாட்டார்கள், முத்திரைக்குப் பயப்படுகிற ஊர் இது. வேறு எதுவும் உன்னிடம் கேட்கவில்லை.

எர்மினியா


சாலமான்கா,
1984 ஜூன் 15

அன்புள்ள அக்கா,

உன் கையெழுத்தை உறையின் மேல் பார்த்ததும் எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. அம்மா விஷயத்தில் நீ சொல்வது சரிதான். அதைப் பற்றி நேரில் பேசுவோம். என் வயிற்றுப்புண் மறுபடி தொந்தரவு கொடுக்கிறது, காப்பியை நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். மற்றபடி நலம்.

நீ கேட்டது எளிமையான விஷயம் போலத் தோன்றலாம், ஆனால் அப்படி இல்லை. மூலம் என்று எதைச் சொல்கிறோம்? அச்சில் வந்தது மட்டும்தான் மூலமா? ஒரு நாடகம் ஒரு ஊரின் உடம்போடு உடம்பாகக் கலந்து இத்தனை தலைமுறை வாழ்ந்திருக்கும்போது, மக்கள் அதில் சேர்த்ததும் ஒருவகையில் நாடகத்தின் பகுதிதான் என்று நானே என் நூலின் நான்காம் இயலில் வாதிட்டிருக்கிறேன். இப்போது அதற்கு எதிராக நான் எழுதினால் நன்றாகவா இருக்கும்?

அதோடு, பழைய காலத்தையும் இப்போதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதே. அப்போது அரசர் வேஷம் பண்ணையார் தோன் எவரிஸ்தோவுடையது. அவர் எப்படிப்பட்டவர் என்று ஊரே அறியும். இப்போது அரசர் யார்? மேயர் அன்செல்மோ. வேலைநிறுத்தத்துக்காகச் சிறைக்குப் போனவன், ஆலிவ் பொறுக்குகிறவரின் மகன், என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். நாம் ஓட்டுப்போட்டுக் கொண்டுவந்த நம் ஆள். அவன் ஜெயித்த அன்று நீயும்தான் தெருவில் ஆடினாய், புகைப்படம் என்னிடம் இருக்கிறது. அவன் நாடா கட்டுவதை, மக்கள் அதிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டதன் அடையாளமாகவே நான் பார்க்கிறேன்.

இன்னொன்று, இதை உன்னோடு வைத்துக்கொள். ஆகஸ்டில் மாட்ரிட்டிலிருந்து ஒரு அதிகாரி வருகிறார். நம் நாடகத்துக்குத் தேசிய விழா என்ற தகுதி கிடைக்க வாய்ப்பு இருக்கிறது. பரிந்துரை எழுதியவன் நான். இந்த நேரத்தில் 'இது மூலத்தில் இல்லை, அது மூலத்தில் இல்லை' என்று நானே கடிதம் எழுதினால் எல்லாம் கெட்டுவிடும். அடுத்த வருஷம் பார்ப்போம்.

அந்தப் பெண்ணுக்கு என் வாழ்த்துகளைச் சொல்.

உன் தம்பி,
லியாந்த்ரோ


என்சினார்,
1984 ஜூன் 24

லியாந்த்ரோ,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இரண்டாம் தடவை படித்து முடித்ததும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினேன்.

மக்கள் சேர்த்தது என்கிறாய். எந்த மக்கள்? இந்த ஊரில் ஒலாயாவாக நடித்த பெண்கள் பாதிப் பேருக்கு நான்தான் முடி வெட்டுகிறேன். அவர்களில் ஒருத்தியாவது 'எனக்கு நாடா கட்டுங்கள்' என்று கேட்டதாக உன் நான்காம் இயலில் இருக்கிறதா?

உனக்குப் புரியவில்லை என்று சும்மா இருந்துவிடாதபடி, புரியும்படியே எழுதுகிறேன். நான் ஒலாயாவாக நடித்தபோது எனக்கும் பத்தொன்பது வயது. தோன் எவரிஸ்தோ திரைக்குப் பின்னால் என்னைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னார். நாடா கட்ட இரண்டு கை போதும், கட்டுகிற இடம் முதுகு. அவர் கை முதுகில் இருக்கவில்லை. நான் கத்தினேன். "கத்து, கத்து, வெளிய முரசு அடிக்கறாங்க" என்று என் காதில் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் வாயில் சோம்பு சாராய நாற்றம். இன்றைக்கும் யாராவது என் கடையில் சோம்பு மிட்டாய் வாயில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் எழுந்து போகச் சொல்லிவிடுவேன்.

முரசு அடித்தது நீ. ஞாபகம் இருக்கிறதா? அந்த வருஷம்தான் உனக்கு முதன்முதலாக முரசு கொடுத்தார்கள். பதினைந்து வயது. புது வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கை வலிக்க வலிக்க அடித்தாய். நான் வெளியே வந்தபோது எல்லாரும் கைதட்டினார்கள், நீயும் குச்சியைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாய். அதற்காக உன்னை நான் ஒருநாளும் திட்டியதில்லை. அன்றைக்கு நீ சின்னப்பையன், உனக்கு என்ன தெரியும். இப்போது உனக்கு முப்பத்தொன்பது.

அன்செல்மோ நம் ஆள் என்கிறாய். ஆமாம், ஆடினேன். பண்ணையார் போனார், நாடாவும் போகும் என்று நினைத்துத்தான் ஆடினேன். பதவியேற்ற முதல் ஆகஸ்டிலேயே கிரீடத்தை வைத்துக்கொண்டு, தோன் எவரிஸ்தோ நடந்த மாதிரியே நடந்து திரைக்குப் பின்னால் போனான். அந்த வருஷ ஒலாயா இப்போது பார்சிலோனாவில் இருக்கிறாள், கிறிஸ்துமஸுக்குக்கூட வருவதில்லை. பண்ணையாரைச் சகித்தது பயத்தால். இவனைப் பார்த்தால் குமட்டுகிறது, ஏனென்றால் இவனை நாங்கள் நம்பினோம்.

உடுப்பு ஒத்திகை ஆகஸ்ட் ஐந்தாம் தேதி. கசில்தா திரைக்குப் பின்னால் போவதற்கு முன் உன் ஒரு வரி என் கையில் இருக்க வேண்டும்.

எர்மினியா


சாலமான்கா,
1984 ஜூலை 8

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் என்னை மிகவும் வருத்தியது. பல நாள் பதில் எழுத முடியவில்லை. தோன் எவரிஸ்தோ செத்துவிட்டார், அவருக்குக் கடவுள் கணக்குப் பார்த்திருப்பார்.

நான் சும்மா இருக்கவில்லை என்பதை நீ அறிய வேண்டும். அன்செல்மோவுக்குத் தொலைபேசியில் பேசினேன். நண்பனாக, மனம் விட்டு. நாடா விஷயத்தில் சில பெண்களுக்குச் சங்கடம் இருப்பதாகச் சொன்னேன். முதலில் யார் என்று சொல்லவில்லை. அவன் விடாமல் கேட்டதால், உன் கடைப் பக்கம் பேச்சு இருப்பதாகச் சொல்ல வேண்டியதாயிற்று. அவன் கோபப்படவே இல்லை, சிரித்தான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீயும் சிரிப்பாய்: "யாரு, உங்க அக்காவா? அந்தக் காலத்துல தோன் எவரிஸ்தோ அவங்களுக்கு நாடாவச் சரியா இறுக்கலையோ என்னவோ." கிண்டல்தான், உள்ளே கெட்ட எண்ணம் கிடையாது. பிறகு பொறுப்பாகவே பேசினான். இந்த முறை திரையைப் பாதி திறந்தே வைப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறான். இது சின்ன வெற்றியில்லையா?

கடிதம் எழுதுவதைவிட இப்படி முகத்துக்கு முகம் பேசித் தீர்ப்பதுதான் நல்லது என்று தோன்றுகிறது. நாடகத்துக்கு நானே வருகிறேன். அதிகாரியின் பக்கத்தில் எனக்கு இடம் போட்டிருக்கிறார்கள். உன் வீட்டில் தங்கலாமா?

உன் தம்பி,
லியாந்த்ரோ


என்சினார்,
1984 ஆகஸ்ட் 7

லியாந்த்ரோ,

நான் சிரிக்கவில்லை.

நீ தொலைபேசியை வைத்த மறுநாளே நகராட்சியிலிருந்து என் கடைக்கு ஆள் வந்தான். தண்ணீர்க் குழாய் சரியில்லை, பலகை தெருவுக்கு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று எதை எதையோ எழுதிக்கொண்டு போனான். அது பரவாயில்லை, எனக்கு வாய் இருக்கிறது. ஆனால் பூராவைக் கூப்பிட்டு அன்செல்மோ சொன்னதைக் கேள்: "ஒன் பொண்ணு நாடகத்துலேருந்து வெலகறதா இருந்தா சொல்லிடு பூரா, நானும் வேற கூட்டறவளப் பாத்துக்கறேன். ரெண்டையும் ஒரே நாள்ல முடிச்சுக்கலாம்." சிரித்துக்கொண்டே சொன்னானாம், தோளில் கையும் போட்டானாம். நம் ஆள் இல்லையா.

கசில்தாவிடம் நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எனக்கு முன்னால் நடித்தவர்கள் எனக்குச் சொல்லவில்லை, எனக்குப் பின்னால் வந்தவர்களுக்கு நானும் சொல்லாமல் இருந்தேன். இந்தத் தடவை சொன்னேன். அவள் தலைகுனிந்து கேட்டுக்கொண்டு, "அம்மாவுக்கு வேல போயிடுமேக்கா" என்று மட்டும் சொன்னாள். ஒத்திகைக்குப் போனாள்.

பள்ளிக்கூட வராந்தாவில்தான் திரை கட்டியிருந்தார்கள், எப்போதும் போல. திரை பாதி திறந்திருந்தது, உன் வெற்றி. திறந்த பாதியில் குழு ஆட்கள் முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். மருந்துக்கடைக்காரர் மகன் முரசு அடித்தான். நான் அந்த முதுகுகளை இடித்துக்கொண்டு உள்ளே போகப் பார்த்தேன். இரண்டு பேர் என் முழங்கைகளைப் பிடித்துக்கொண்டார்கள். "மழ வந்துடும் எர்மினியா, சும்மா இரு. ரெண்டு முடிச்சு போடறதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" அதைச் சொன்னவன் மகளும் அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ ஒலாயாவாக நிற்பாள், அது அவனுக்குத் தெரியும். எனக்கு அவன் முகத்தில் துப்ப வேண்டும்போல இருந்தது. வாயில் எச்சில் இல்லை.

அன்செல்மோ வெளியே வந்து கிரீடத்தைச் சரிசெய்துகொண்டான். எல்லாரும் கைதட்டினார்கள். கசில்தா பின்னாலேயே வந்தாள். நாடா அழகாகப் பூப்போலக் கட்டியிருந்தது. நேராகத் தெருக்குழாய்க்குப் போய், போட்ட உடுப்போடு தண்ணீரில் நின்றாள்.

மறுநாள் கடைக்கு வந்தாள். வழக்கமாக வாய் ஓயாதவள், ஒரு கேள்வி மட்டும் கேட்டாள். "அக்கா, நாடகத்துல இது எங்க வருது? நான் மூணு தடவ முழுசாப் படிச்சேன். ஒரு எடத்துலயும் இல்லையே." பதில் தெரிந்தவன் ஒருத்தன் இருக்கிறான், என் கூடப்பிறந்தவன், அவன் வேலையாக இருக்கிறான் என்று சொன்னேன்.

சாயங்காலம் கடைக்கு நிறையப் பேர் வந்தார்கள். பேரப்பிள்ளை எடுத்தவர்கள், கைக்குழந்தையோடு இருப்பவர்கள், போன வருஷ ஒலாயா. கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், யாருக்கும் முடி வெட்டவில்லை. என்ன பேசினோம் என்று உனக்கு எழுத மாட்டேன், நீ யாருக்காவது தொலைபேசியில் சொல்லிவிடுவாய்.

பதினாறாம் தேதி நாடகத்துக்கு வா. உங்களுக்கு நகராட்சியின் மெத்தை நாற்காலி போடுவார்கள். எங்களுக்கு வழக்கம்போல வீட்டு நாற்காலி, நாங்களே தூக்கிக்கொண்டு வருவோம். என் வீட்டில் உனக்கு இடம் இல்லை.

எர்மினியா


சாலமான்கா,
1984 ஆகஸ்ட் 22

அன்புள்ள அக்கா,

நாடகம் முடிந்த மறுநாள் காலை உன் கதவைத் தட்டினேன். உள்ளே வானொலி பாடிக்கொண்டிருந்தது. நீ திறக்கவில்லை. அதனால் சொல்ல வந்ததைக் கடிதத்திலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததை முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தவன் நான். நீங்கள் எவ்வளவு பெரிய ஆபத்திலிருந்து தப்பினீர்கள் என்று உனக்குத் தெரியாது.

அந்தப் பெண் நன்றாகத்தான் நடித்தாள், நான்கு வரிகளையும் தெளிவாகச் சொன்னாள். மூன்றாம் அங்கத்தில் மின்விளக்குகள் அணைந்தன. அன்செல்மோ தாளைப் பிரித்தான். அவள் விளக்கைத் தூக்கிப் பிடித்தாள். அவன் 'காஸ்தீயாவின் அரசனாகிய நான்' என்று ஆரம்பித்ததும், பிறந்தநாள் மெழுகுவத்தியை ஊதுவதுபோல அவள் அதை ஊதி அணைத்தாள்.

சதுக்கம் முழுக்க இருட்டு. தீர்ப்பை யாரும் மனப்பாடம் செய்வதில்லை, வாசிப்பதுதான் வழக்கம் என்பது உனக்குத் தெரியும். அன்செல்மோவுக்கு அடுத்த வரி தெரியவில்லை. 'நான்... நான்...' என்றான். சிலர் சிரித்தார்கள். குழு ஆட்கள் 'லைட்டு, லைட்டு' என்று கத்தினார்கள். சுவிட்சுப் பெட்டிக்கு முன்னால் பெண்கள் நின்றுகொண்டு நகரவில்லையாம். கடைசியில் ஊர்க்காவல் படையினர் தங்கள் ஜீப்பைத் தேவாலயப் பக்கத்திலிருந்து ஓட்டி வந்து, முன்விளக்கை மேடைமேல் அடித்தார்கள். அன்செல்மோ கண்ணைச் சுருக்கிக்கொண்டு, தாளை முகத்துக்குக் கிட்டே வைத்துக்கொண்டு தீர்ப்பைப் படிக்க ஆரம்பித்தான்.

அப்போதுதான் நாற்காலிகளின் சத்தம் கேட்டது. முதலில் நீ எழுந்தாய். உன் நாற்காலியை மடிக்காமல், கல்தரையில் இழுத்துக்கொண்டே போனாய். பிறகு பூரா. பிறகு எல்லாப் பெண்களும். அந்தக் கரகரப்பில் தீர்ப்பு ஒரு வரிகூடக் கேட்கவில்லை. ஜீப் வெளிச்சத்தில் உங்கள் நிழல்கள் நகராட்சிக் கட்டடத்தின் மேல் ஏறி இறங்கின. கசில்தா அணைந்த விளக்கோடு மேடையிலிருந்து இறங்கி உங்கள் பின்னால் வந்தாள்.

அதிகாரி என் காதருகே குனிந்து கேட்டார்: "இது மூலத்துல இருக்கா, புரொஃபசர்?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று நீயே யோசித்துப் பார். இல்லை என்றால் அது கலகம். வழக்கு, அபராதம், அந்தப் பெண்ணின் பெயர் செய்தித்தாளில். ஜீப்பும் பக்கத்திலேயே நிற்கிறது. அதனால் 'இருக்கிறது, மிகப் பழைய பிரதியில் இருக்கிறது' என்று சொன்னேன். அவர் எழுந்து நின்று கைதட்டினார். அவரைப் பார்த்து ஆண்கள் எல்லாரும் கைதட்டினார்கள். 'இருட்டும் பெண்களின் வெளியேற்றமும் அபாரம்' என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். தேசிய விழாத் தகுதி அநேகமாக நிச்சயம்.

அன்செல்மோ என்னைக் கட்டிக்கொண்டான். "காப்பாத்திட்டடா" என்றான். அவன் எவ்வளவு பெருந்தன்மையானவன் என்று பார்: அடுத்த வருஷத்திலிருந்து விளக்கை அணைப்பதையும் நாற்காலிகளோடு நீங்கள் வெளியேறுவதையும் நாடகத்திலேயே சேர்த்துவிடலாம், முறையாக ஒத்திகை பார்த்து, என்கிறான். உங்கள் எதிர்ப்புக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும்?

முரசைப் பற்றி நீ எழுதியதற்கு நான் பதில் சொல்லவில்லை. அந்த நாளிலிருந்து எனக்கு ஞாபகம் இருப்பது அந்தச் சத்தம் மட்டும்தான். வேறு எதுவும் காதில் விழவில்லை. விழுந்திருந்தால்

இந்த வரியை எப்படி முடிப்பது என்று தெரியவில்லை. விட்டுவிடுகிறேன்.

உன் தம்பி,
லியாந்த்ரோ


என்சினார்,
1984 செப்டம்பர் 30

லியாந்த்ரோ,

தகுதி வந்துவிட்டது, கேள்விப்பட்டிருப்பாய். நகராட்சி வாசலில் பெயர்ப்பலகை மாட்டியிருக்கிறார்கள். அன்று முழுக்க இலவச ஒயினும் உப்புப்பன்றி வறுவலும். பூராவை மட்டும் கூப்பிடவில்லை. பலகை மாட்டுவதற்கு முதல்நாள்தான் அவளிடமிருந்து துடைப்பத்தை வாங்கிக்கொண்டு அனுப்பியிருந்தார்கள். இப்போது என் கடையைக் கூட்டுகிறாள். கூட்டுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பக் கூட்டுகிறாள்.

போன வாரம் அன்செல்மோ கடைக்கே வந்தான். ஒரு முழுத் தொடைப் பன்றிக்கறியைத் தோளில் சுமந்துகொண்டு, பின்னால் மருந்துக்கடைக்காரர் மகன். "பெண்களே, நீங்கதான் இந்த ஊருக்குப் பெருமை தேடித் தந்தீங்க" என்றான். அடுத்த வருஷம் யார் முதலில் எழுந்திருப்பது, எந்த வரிசை எந்தத் தெரு வழியாகப் போவது என்று தாளில் கோடு போட்டுக் கொண்டுவந்திருந்தான். நாற்காலிகளை எல்லாம் ஒரே நிறத்தில் நகராட்சியே வாங்கித் தருமாம். நாங்கள் எழுந்திருக்கும் நேரம் சரியாக இருக்க வேண்டுமே, அதற்கு முரசு அடிப்பார்களாம்.

எனக்கு என்ன வந்தது தெரியுமா? கோபம்கூட வரவில்லை. சாக்கடையில் கை விட்டு மோதிரத்தைத் தேடி எடுத்தால், பக்கத்தில் நிற்கிறவன் அதைப் பிடுங்கித் தன் விரலில் மாட்டிக்கொண்டு நமக்கு நன்றி சொல்கிறானே, அந்த மாதிரி அருவருப்பு. எங்களுக்கென்று மிச்சம் இருந்தது எழுந்து போவது ஒன்றுதான். அதையும் நீ ஒரே வார்த்தையில் நானூறு வருஷம் பழையதாக்கி அவன் கையில் கொடுத்துவிட்டாய். நாடா மூலத்தில் இல்லை என்று எழுத உனக்கு இரண்டு மாதம் போதவில்லை. நாற்காலி மூலத்தில் இருக்கிறது என்று சொல்ல ஒரு மூச்சு போதுமானதாக இருந்தது.

பன்றிக்கறியை வாசலிலேயே வைத்தோம், தெருநாய்கள் இழுத்துப் போயின. சம்பிரதாயம் ஒன்று நாங்களும் ஆரம்பித்திருக்கிறோம் என்று போன வருஷ ஒலாயா சொன்னாள். ஆகஸ்டுக்குப் பிறகு நாங்கள் சிரித்தது அன்றைக்குத்தான்.

கசில்தா புகார் கொடுத்துவிட்டாள். பஸ் ஏறி வட்டாரத் தலைநகருக்குப் போனாள், நானும் கூடப் போனேன். நீதிபதி கண்ணாடி போட்ட, சளி பிடித்த மனிதர். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பிறகு அன்செல்மோவைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார். அவன் மறுக்கவே இல்லை. அதுதான் அவனுடைய கெட்டிக்காரத்தனம். "நாடா கட்டினது உண்மை. அது செவ்வியல் நாடகத்துல இருக்கற சடங்கு, நான் செய்யலைன்னா வேற ஒரு மேயர் செஞ்சிருப்பார். பெரிய பேராசிரியர் ஒருத்தர் இதப்பத்திப் புத்தகமே எழுதியிருக்கார்" என்று சொல்லியிருக்கிறான்.

நீதிபதி கசில்தாவைத் திரும்பக் கூப்பிட்டார். "பாரும்மா, நாடகத்துல இருக்கறதத்தான் செஞ்சார்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது. புகாரத் தள்ளிடுவேன். நாடகத்துல அது இல்லைன்னா, அவர் என்னத்துக்குத் திரைக்குப் பின்னால போனாருன்னு கேக்க வேண்டியிருக்கும். இருக்கா இல்லையான்னு தெரிஞ்ச ஆள் யாராவது எங்கிட்ட வந்து சொல்லணும்" என்றார்.

கசில்தா உன் பெயரைச் சொன்னாள். நான் சொல்லவில்லை, அவளாகத்தான் சொன்னாள். உன் புத்தகத்தை நூலகத்திலிருந்து எடுத்துப் படித்திருக்கிறாள். "அவருக்குத் தெரியும் ஐயா, ஒவ்வொரு வரிக்கும் கீழ குறிப்பு எழுதியிருக்கார்" என்றாள்.

அழைப்பாணை உனக்கு இந்த வாரம் வரும். கடிதமாக எழுதி அனுப்பலாமா என்று கேட்காதே, கேட்டுவிட்டேன். நேரில் வர வேண்டுமாம், சிலுவைமேல் கை வைத்துச் சொல்ல வேண்டுமாம். அன்செல்மோ உனக்கு எதிரே உட்கார்ந்திருப்பான். கசில்தா உன் பக்கத்தில் நிற்பாள். நானும் பூராவும் பின்வரிசையில் இருப்போம். நாற்காலி அங்கேயே போட்டிருக்கிறார்கள், தரையோடு இரும்பில் பூட்டிய நாற்காலி, தூக்கிக்கொண்டு போக முடியாது.

சின்ன அறை அது. சன்னலைச் சாத்திவிடுவார்கள். இந்தத் தடவை முரசு கிடையாது, லியாந்த்ரோ. நீ சொல்வது எல்லாருக்கும் கேட்கும்.

எர்மினியா